ஒரே சுவிட்சில் பல வலைகள்: வீலேன் வந்த வழி

மெய்நிகர் உள்வலையமைப்பு என்பது ஒரே சுவிட்சிலும் ஒரே கேபிளிலும் ஒன்றையொன்று அறியாத பல வலையமைப்புகளை ஓட்டும் முறை. துறையில் வேலை செய்பவர்கள் அதை 'வீலேன்' என்பார்கள். கணக்குப் பிரிவின் கணினியும் வரவேற்பறைக்கு வந்த விருந்தினரின் மடிக்கணினியும் ஒரே பெட்டியில் அடுத்தடுத்த போர்ட்டுகளில் செருகப்பட்டிருக்கலாம். அப்போதும் ஒன்று அனுப்பும் பொது அறிவிப்பு மற்றதை எட்டாது. இரண்டுக்கும் நடுவில் தனிக் கம்பி கிடையாது, தனிப் பெட்டியும் கிடையாது. ஃபிரேம் எனப்படும் ஒவ்வொரு தரவுக் கட்டும் எந்த வலையைச் சேர்ந்தது என்று குறிக்கும் ஓர் எண்தான் அவற்றைப் பிரித்து வைக்கிறது. இன்று வலையமைப்பைக் கூறுபோட்டுப் பாதுகாப்பதற்கு முதலில் கையில் எடுக்கும் கருவி இதுதான். ஆனால் அந்த எண் பிறந்த காரணமே வேறு. சிறு சிறு ஈதர்நெட்டுகளை இணைத்து ஊரளவுக்கு வளர்க்க முயன்றவர்களுக்குத்தான் அது முதலில் தேவைப்பட்டது. இணைப்பதற்காக வந்தது பிரிப்பதற்கு நிலைத்துவிட்டது.

ஈதர்நெட்டின் தொடக்க நாட்களில் கம்பி எங்கே முடிகிறதோ அங்கே வலையும் முடிந்தது. 1973 மே மாதம் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பாப் மெட்கால்ஃப் எழுதிய உள்குறிப்பு ஒன்றில் இந்த வலையின் வரைவு இருந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளை வானொலி அலையால் இணைத்து அமைத்த அலோஹாநெட்டின் கொள்கையை அவர் கம்பிக்குக் கொண்டுவந்தார். டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அதை ஓடவும் வைத்தார். முதல் வடிவத்தின் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 10 மெகாபிட் ஈதர்நெட்டுக்கான விவரக்குறிப்பை வெளியிட்டன. 1983-இல் ஐஇஇஇ அமைப்பு அதை 802.3 என்ற தரநிலையாக ஏற்றுக்கொண்டது.

அன்றைய ஈதர்நெட் என்றால் கட்டடத்தின் வழியாக ஓடும் தடித்த கோஆக்சியல் கேபிள். ஒரு துண்டு அதிகபட்சம் 500 மீட்டர் போகலாம். 2.5 மீட்டர் இடைவெளியில் கொக்கி போட்டு 100 கணினிகள்வரை அதில் மாட்டலாம். பின்னால் வந்த மெல்லிய கேபிளில் 185 மீட்டரும் 30 கணினிகளும்தான் எல்லை. கம்பியில் ஒரு கணினி பேசினால் மற்ற அத்தனையும் கேட்கும். இரண்டு ஒரே நேரத்தில் பேசினால் மோதல். இரண்டும் நிறுத்திவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்க வேண்டும். கடவுச்சொற்கள் மறைகுறியாக்கம் இல்லாமலே பயணித்த காலம் அது. அதே கம்பியில் இருந்த எவரும் அவற்றைப் படித்துவிடலாம். பிரித்து வைக்க வேண்டுமென்றால் இரண்டாவது கேபிள் இழுப்பதைத் தவிர வழியில்லை. துறைக்கு ஒரு கம்பி, மாடிக்கு ஒரு கம்பி என்று அலுவலகங்கள் பிரிந்தது பெரும்பாலும் பாதுகாப்பைக் கருதி அல்ல, கேபிளின் நீளத்தைக் கருதித்தான்.

கம்பிகளை ஒன்றோடொன்று இணைக்க வந்த கருவி பிரிட்ஜ். டிஜிட்டல் நிறுவனத்தில் மார்க் கெம்ப்ஃப் வடிவமைத்த கற்கும் பிரிட்ஜ் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, எந்த முகவரி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வந்துபோகும் ஃபிரேம்களைப் பார்த்தே தெரிந்துகொண்டது. இந்தப் பக்கத்துப் பேச்சு இந்தப் பக்கமே நின்றது. அந்தப் பக்கம் போக வேண்டியது மட்டும் கடந்தது. 1980-களின் நடுவில் இது விற்பனைக்கு வந்தது. பிரிட்ஜுகளை வளையமாக இணைத்தால் ஒரே ஃபிரேம் முடிவில்லாமல் சுற்றிச் சுற்றி வலையை முடக்கிவிடும். அதற்குத் தீர்வாக அதே நிறுவனத்தின் ராடியா பெர்ல்மன் 1985-இல் ஸ்பானிங் ட்ரீ என்ற நெறிமுறையைத் தந்தார். பிரிட்ஜுகள் தங்களுக்குள் பேசி ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுக்கும். அதிலிருந்து கிளைவிடும் ஒரே மரமாக வலையை ஒழுங்குபடுத்திக்கொண்டு மிகுதிப் பாதைகளை மூடி வைக்கும். ஓர் இணைப்பு அறுந்தால் மூடியிருந்த பாதை திறக்கும். 1990-இல் 802.1டி தரநிலையில் இது இடம்பெற்றது.

இந்த மரத்தின் குறையைத் தொலைபேசித் துறையிலிருந்து வந்த ஒருவர் கண்டுகொண்டார். 1984 ஜனவரியில் அமெரிக்காவின் ஏடிஅண்ட்டி தொலைபேசி சாம்ராஜ்யம் உடைக்கப்பட்டு, வட்டார நிறுவனங்களுக்குப் பொதுவான ஆய்வகமாக பெல்கோர் உருவானது. அங்கே சேர்ந்த டபிள்யூ. டேவிட் சின்காஸ்கி அதற்கு முன்பே ஈதர்நெட்டில் குரலை அனுப்பும் சோதனைகளைச் செய்து வெற்றி கண்டவர். தொலைபேசிக்காரரின் பார்வையில் ஈதர்நெட் விசித்திரமான பண்டம். தொலைபேசியில் ஓர் அழைப்புக்குக் கிடைப்பது நொடிக்கு 64 கிலோபிட்தான். ஆனால் லட்சக்கணக்கான அழைப்புகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஈதர்நெட்டில் ஒருவருக்கு 10 மெகாபிட் கிடைக்கிறது. ஆனால் வலை முழுவதற்கும் அதே 10 மெகாபிட்தான். ஈதர்நெட்டைத் தொலைபேசி வலையின் அளவுக்கு வளர்க்க முடியுமா என்பது அவர் கேட்ட கேள்வி. சிறு ஈதர்நெட்டுகளை ஐபி ரூட்டர்களால் இணைக்கலாம்தான். அன்றைய ரூட்டர்களோ ஒவ்வொரு பாக்கெட்டையும் மென்பொருளால் பிரித்துப் பார்த்து அனுப்பின. அதனால் மெதுவாக இயங்கின, விலையும் அதிகம். பாக்கெட்டுக்கு ஆகும் வேலையைக் குறைக்க வழி தேடிய சின்காஸ்கி, டிஜிட்டல் நிறுவனத்தின் வேலையைச் சாராமல், தானாகவே பிரிட்ஜ் முறையை வந்தடைந்தார்.

அடுத்த தடை ஸ்பானிங் ட்ரீயில் இருந்தது. மரத்தின் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போகும் போக்குவரத்து பெரும்பாலும் வேரை ஒட்டித்தான் கடக்க வேண்டும். வலை வளர வளர, வேரருகே உள்ள பிரிட்ஜுகள் திணறும். மற்ற பாதைகளோ மூடப்பட்டுச் சும்மா கிடக்கும். ஒரு மரம் போதாவிட்டால் பல மரங்கள் இருக்கட்டுமே என்றார் சின்காஸ்கி. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓர் அடையாளம் சேர்த்து அதை நிறமாகக் கருதினார்: சிவப்பு, பச்சை, நீலம். சிவப்பு ஃபிரேம் சிவப்பு மரத்தின் வழியே போகும். பச்சை பச்சை மரத்தின் வழியே. மூன்று மரங்களின் வேர்களும் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் போக்குவரத்து பரவிக்கொள்ளும். சேஸ் காட்டனுடன் சேர்ந்து அவர் இதற்கான வழிமுறைகளைச் செம்மைப்படுத்தினார். இருவரும் எழுதிய கட்டுரை 1988 ஜனவரியில் 'ஐஇஇஇ நெட்வொர்க்' இதழில் வெளிவந்தது.

வீலேனின் கரு அந்த நிறம்தான். ஃபிரேமிலேயே ஓர் அடையாளத்தை எழுதி அனுப்பலாம், வழியில் உள்ள கருவி அதைப் படித்து நடந்துகொள்ளும் என்பதே அதன் சாரம். யாரையும் யாரிடமிருந்தும் விலக்கி வைப்பது அந்தக் கட்டுரையின் கவலை அல்ல. ஆனால் ஒரு நிறத்தின் ஃபிரேம் இன்னொரு நிறத்துக்குள் போகாது என்ற விதியை வைத்த கணத்திலேயே, பிரிப்பதற்கான கருவியும் தயாராகிவிட்டது. அதன் அந்தப் பக்கத்தைக் கண்டுகொள்ள இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

கண்டுகொள்ள வைத்தது சுவிட்ச். 1990-இல் முறுக்கிய இணைக்கம்பியில் ஓடும் 10பேஸ்-டி தரநிலை வந்ததும், கட்டடம் முழுவதும் ஓடிய கோஆக்சியல் மறையத் தொடங்கியது. ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஒரு கம்பி மாடியின் கேபிள் அறைக்கு வந்து ஹப் என்ற இணைப்புப் பெட்டியில் சேர்ந்தது. அதே ஆண்டில் வினோத் பரத்வாஜ் தொடங்கிய கல்பனா என்ற சிறு நிறுவனம் ஏழு போர்ட்டுகள் கொண்ட ஈதர்சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பல போர்ட்டுகள் உள்ள வேகமான பிரிட்ஜ் என்று அதைச் சொல்லலாம். ஒவ்வொரு போர்ட்டும் முழு 10 மெகாபிட் பெற்றது. சிஸ்கோ நிறுவனம் 1993-இல் கிரசெண்டோவையும் 1994-இல் கல்பனாவையும் வாங்கியது. ரூட்டர் நிறுவனமாக அறியப்பட்ட சிஸ்கோ, சுவிட்ச் சந்தைக்குள் வந்தது அந்த வழியாகத்தான்.

சுவிட்ச் மோதலைத் தீர்த்தது, பிராட்காஸ்ட்டைத் தீர்க்கவில்லை. எல்லோருக்கும் என்று முகவரியிட்ட ஃபிரேமைச் சுவிட்ச் எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பித்தான் ஆக வேண்டும். ஐபி முகவரிக்குரிய ஈதர்நெட் முகவரியைக் கேட்கும் ஏஆர்பி நெறிமுறை 1982-இல் வரையறுக்கப்பட்டது. அது கேட்பதே பிராட்காஸ்ட் மூலம். நோவெல் சர்வர்கள் தங்கள் சேவைப் பட்டியலை 60 நொடிக்கு ஒருமுறை அறிவித்தன. ஆர்ஐபி ரூட்டர்கள் 30 நொடிக்கு ஒருமுறை தங்கள் அட்டவணையை ஒலிபரப்பின. விண்டோஸ் கணினிகளும் மேகிண்டாஷ்களும் ஒன்றையொன்று பெயர் சொல்லித் தேடின. தனக்கு வராத ஃபிரேமைக் கணினியின் நெட்வொர்க் அட்டை தானே உதறிவிடும். பிராட்காஸ்ட்டை அப்படி உதற முடியாது. அதை மையச் செயலியிடம் கொடுத்தாக வேண்டும், செயலி கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். அன்றைய செயலிகளின் வேகத்தில், ஓராயிரம் கணினிகளைச் சுவிட்சுகளால் ஒரே தட்டையான வலையாக இணைத்த வளாகங்களில் இது சிறு தொல்லையாக நிற்கவில்லை. ஒரே ஒரு அட்டை கோளாறாகிப் பிராட்காஸ்ட்டைக் கொட்டினால் வளாகம் முழுவதும் நின்றது.

பிராட்காஸ்ட்டை நிறுத்தத் தெரிந்த கருவி ரூட்டர். ஆனால் வேகத்துக்காக வாங்கிய சுவிட்சுகளுக்கு நடுவில் மெதுவான ரூட்டர்களைச் சொருகுவதில் பொருளில்லை. சுவிட்சையே உள்ளுக்குள் பிரித்துவிடலாம் என்ற யோசனை இந்த நெருக்கடியில்தான் எழுந்தது. முதலில் வந்தவை வெறும் போர்ட் குழுக்கள். ஒன்றாம் போர்ட்டிலிருந்து எட்டாம் போர்ட்வரை ஒரு வலை, மற்றவை இன்னொரு வலை. ஒரே பெட்டிக்குள் இது போதும். இரண்டு பெட்டிகளில் பரவிய குழுக்களை இணைக்க வேண்டும் என்றால், குழுவுக்கு ஒரு கேபிள் தனித்தனியாக இழுக்க வேண்டியிருந்தது. பத்துக் குழு என்றால் பத்துக் கேபிள். பத்துப் போர்ட்டுகளும் அதில் வீணாகும். ஒரே கேபிளில் எல்லாக் குழுக்களையும் அனுப்பி மறுமுனையில் சரியாகப் பிரிக்க, ஃபிரேமில் அடையாளம் வேண்டும். சின்காஸ்கியின் நிறம் இங்கே திரும்பி வந்தது.

திரும்பியது ஒரு வடிவத்தில் அல்ல. சிஸ்கோ ஐஎஸ்எல் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஃபிரேமைத் தொடாமல் முன்னால் 26 பைட் தலைப்பும் பின்னால் 4 பைட் சரிபார்ப்பும் சேர்த்து, உறையிலிட்டதுபோல் அனுப்பும் முறை அது. எஃப்டிடிஐ வகை வலை முதுகெலும்பாக இருந்த இடங்களில், பாதுகாப்புக்காக எழுதப்பட்ட 802.10 தரநிலையின் தலைப்பில் வீலேன் எண்ணை ஏற்றி அனுப்பினார்கள். ஏடிஎம் தொழில்நுட்பத்தை நம்பியவர்கள் 1995-இல் வந்த லேன் எமுலேஷனில் வீலேன்களை அமைத்தார்கள். த்ரீகாம், கேபிள்ட்ரான் போன்றவர்களிடமும் சொந்த முறைகள் இருந்தன. ஒரு நிறுவனத்தின் சுவிட்ச் மற்றதன் அடையாளத்தைப் படிக்காது. வீலேன் வேண்டுமென்றால் வளாகம் முழுவதும் ஒரே நிறுவனத்தின் பெட்டிகளை வாங்க வேண்டிய நிலை. விற்பவருக்கு அது வசதி, வாங்குபவருக்கு விலங்கு.

அந்த ஆண்டுகளில் வீலேனை விற்ற வாக்குறுதி பாதுகாப்பு அல்ல, இடமாற்றம். ஊழியர் மூன்றாம் மாடியிலிருந்து ஏழாம் மாடிக்கு மாறினாலும் அவருடைய கணினி பழைய வலையிலேயே இருக்கும். ஐபி முகவரியை மாற்றத் தேவையில்லை. கணினியின் முகவரியைப் பார்த்தே எந்த வீலேன் என்று சுவிட்ச் முடிவுசெய்யும் ஏற்பாடுகளும் வந்தன. ஒரு துறையின் வீலேன் வளாகத்தின் எல்லாக் கட்டடங்களிலும் பரவிக் கிடக்க வேண்டும் என்பதே அன்றைய கனவு. அது நீடிக்கவில்லை. 1993-இல் வரையறுக்கப்பட்ட டிஎச்சிபி நெறிமுறை பரவியதும் கணினிகள் போன இடத்தில் புதிய முகவரியைத் தாமே பெற்றுக்கொண்டன. பழைய வலையைக் கூடவே இழுத்துச் செல்லும் தேவை மறைந்தது. வளாகம் முழுவதும் பரவிய வீலேனில் ஒரு மூலையில் வந்த கோளாறு எல்லா மூலைக்கும் பரவியது. 1990-களின் பிற்பகுதியில், ரூட்டர் செய்த வேலையைச் சிலிக்கான் சில்லில் சுவிட்சின் வேகத்திலேயே செய்யும் மூன்றாம் அடுக்குச் சுவிட்சுகள் வந்தன. வீலேனைக் கேபிள் அறை அளவுக்குச் சுருக்கி, அவற்றுக்கிடையே ரூட்டிங் செய்வது நல்ல வழக்கமாகியது. அந்தக் கனவு தோற்றதே வீலேனுக்கு நல்லதாயிற்று. பரந்து விரியும் வேலையை விட்டுவிட்டு, எல்லை போடும் வேலைக்கு அது அப்போதுதான் வந்து சேர்ந்தது.

நிறுவனத்துக்கொரு முறை என்ற குழப்பம் 1998-இல் ஐஇஇஇ 802.1கியூ தரநிலையை ஏற்றபோது முடிவுக்கு வந்தது. உறையிடுவதற்குப் பதிலாக, ஃபிரேமுக்குள் அனுப்புநர் முகவரிக்கு அடுத்து 4 பைட் டேக் ஒன்றைச் செருகுவது அதன் முறை. முதல் 2 பைட்டில் இது டேக் உள்ள ஃபிரேம் என்று அறிவிக்கும் நிலையான மதிப்பு. அடுத்த 2 பைட்டில் 3 பிட் முன்னுரிமைக்கு, 1 பிட் வேறொரு குறிப்புக்கு, மீதி 12 பிட் வீலேன் எண்ணுக்கு. முன்னுரிமைக்கான 3 பிட்டுகளும் அந்தச் சிறு இடத்திலேயே அமர்ந்தது தொலைநோக்கு. பின்னால் ஐபி தொலைபேசிகள் வந்தபோது குரல் ஃபிரேமை வரிசையில் முன்னால் அனுப்ப அவை உதவின. 12 பிட்டில் 4096 எண்கள் அடங்கும். 0 முன்னுரிமையை மட்டும் சொல்லும் டேக்குக்கு, 4095 ஒதுக்கீட்டுக்கு. பயன்படுவன 4094.

இந்த 4 பைட்டுக்கு இடம் கிடைத்தது எளிதாக அல்ல. ஈதர்நெட் ஃபிரேமின் உச்ச நீளம் 1518 பைட் என்பது தொடக்க காலத்திலிருந்தே கல்லில் பொறித்தது போல் இருந்த விதி. முழு நீள ஃபிரேமில் டேக்கைச் சேர்த்தால் 1522 பைட். பழைய கருவிகள் சில அதைக் கெட்ட ஃபிரேம் என்று எண்ணி எறிந்தன. அதே 1998-இல் 802.3ஏசி என்ற திருத்தம் உச்ச நீளத்தை 1522-ஆக உயர்த்தியது. டேக்கைப் புரிந்துகொள்ளாத கோடிக்கணக்கான கணினிகளும் அச்சுப்பொறிகளும் அப்படியே இயங்கவும் வழி செய்யப்பட்டது. கணினி செருகப்படும் போர்ட்டில் டேக் கிடையாது. சுவிட்ச் ஃபிரேமை உள்ளே வாங்கும்போது அந்தப் போர்ட்டுக்குரிய வீலேன் எண்ணைச் சூட்டி, வெளியே அனுப்பும்போது கழற்றிவிடும். இதை அக்சஸ் போர்ட் என்பார்கள். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவில் பல வீலேன்களைச் சுமக்கும் இணைப்பு டிரங்க்; அங்கே டேக் உண்டு. டிரங்க்கிலும் டேக் இல்லாமல் வரும் ஃபிரேம் எந்த வீலேனில் சேர வேண்டும் என்று குறித்து வைப்பது நேட்டிவ் வீலேன். பழைய கருவிகளுக்காக விட்டுவைத்த இந்த விதிவிலக்கு பின்னால் தொல்லையின் வாசலாயிற்று.

பல மரங்கள் என்ற மூல யோசனைக்கும் விடிவு வந்தது. 1998-இன் தரநிலை எல்லா வீலேனுக்கும் ஒரே ஸ்பானிங் ட்ரீயைத்தான் வைத்திருந்தது. சிஸ்கோவின் சுவிட்சுகள் வீலேனுக்கு ஒரு மரம் என்று ஓட்டின. 2002-இல் முடிவான 802.1எஸ், வீலேன்களைத் தொகுதிகளாக்கித் தொகுதிக்கு ஒரு மரம் என்று வகுத்தது. சின்காஸ்கி 1988-இல் வரைந்த பல மரப் பிரிட்ஜ் தரநிலைக்குள் வர 14 ஆண்டுகள் ஆயின. அவர் 2010-இல் மறைந்தார்.

2000-த்துக்குப் பிறகுதான் வீலேன் முதன்மையாகப் பாதுகாப்புக் கருவியாகப் பேசப்பட்டது. இணையத்தோடு எல்லா அலுவலகங்களும் இணைந்துவிட்டன. புழுக்கள் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவின. தட்டையான வலையில் ஒரு கணினி வீழ்ந்தால் மற்ற அனைத்தும் அதன் கைக்கு எட்டும். சர்வர்கள் ஒரு வீலேனில், ஊழியர் கணினிகள் ஒன்றில், ஐபி தொலைபேசிகள் ஒன்றில், கண்காணிப்புக் கேமராக்கள் ஒன்றில், விருந்தினர் வைஃபை ஒன்றில் என்று பிரித்து, அவற்றுக்கு நடுவில் ஃபயர்வாலையோ அனுமதிப் பட்டியலையோ நிறுத்துவது வழக்கமாயிற்று. ஒரே வைஃபை கருவி இரண்டு மூன்று பெயர்களை ஒலிபரப்பி, ஒவ்வொரு பெயரையும் ஒரு வீலேனோடு கட்டியது. 2001-இல் வந்த 802.1எக்ஸ் தரநிலையின் துணையோடு, யார் உள்நுழைகிறார் என்பதைப் பொறுத்து அவருக்குரிய வீலேனைச் சுவிட்ச் ஒதுக்கவும் முடிந்தது. கடன் அட்டை விவரங்களைக் கையாளும் நிறுவனங்கள் அந்தப் பகுதியை மற்ற வலையிலிருந்து பிரித்து வைத்தால், தணிக்கைக்கு உட்படும் பரப்பு சுருங்கும் என்பதும் பெரிய தூண்டுதல்.

பாதுகாப்பு என்று நம்பத் தொடங்கியதும் அதைத் தாண்டும் வழிகளும் வெளிப்பட்டன. மறுமுனையில் இருப்பது சுவிட்சா கணினியா என்று தானே பேசித் தெரிந்துகொண்டு டிரங்க்காக மாறும் வசதி சில சுவிட்சுகளில் இருந்தது. தன்னைச் சுவிட்ச் என்று சொல்லிக்கொண்ட கணினி எல்லா வீலேனுக்குள்ளும் புகுந்தது. இன்னொன்று இரட்டை டேக். தாக்குபவர் தன் ஃபிரேமில் இரண்டு டேக்குகளை ஒட்டுவார். அவருடைய வீலேனே டிரங்க்கின் நேட்டிவ் வீலேனாகவும் இருந்தால், முதல் சுவிட்ச் வெளி டேக்கைக் கழற்றி அப்படியே டிரங்க்கில் விடும். அடுத்த சுவிட்ச் உள்ளே இருக்கும் டேக்கைப் படித்து, அவர் நுழையக் கூடாத வீலேனில் ஃபிரேமைச் சேர்த்துவிடும். பதில் திரும்பி வராது, ஒருவழித் தாக்குதல்தான். ஆனாலும் சேதத்துக்கு ஒருவழியே போதும். தடுப்பதோ எளிது: நேட்டிவ் வீலேனாக வேறு எவரும் பயன்படுத்தாத எண்ணை வைப்பது, கணினி செருகும் போர்ட்டுகளில் டிரங்க் பேச்சுவார்த்தையை அணைப்பது, டிரங்க்கில் தேவையான வீலேன்களை மட்டும் அனுமதிப்பது. இந்த ஓட்டைகள் தரநிலையின் பிழையால் வந்தவை என்பதைவிட, கவனிக்காமல் விட்ட அமைப்புகளால் வந்தவை என்பதே சரி. பிரிட்ஜை வளர்க்க எழுதப்பட்ட முறை யார் நம்பத்தக்கவர் என்ற கேள்வியைக் கேட்டதே இல்லை. வீலேன் மறைகுறியாக்கம் செய்வதில்லை, ஆளைச் சோதிப்பதும் இல்லை.

இதற்கிடையில் 4094 என்ற எண் சிறிதாகிவிட்டது. நகரங்களில் ஈதர்நெட் சேவை விற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரும் தம் வீலேன் எண்களோடு வந்தார்கள், எண்கள் முட்டிக்கொண்டன. வாடிக்கையாளரின் டேக்குக்கு வெளியே நிறுவனத்தின் டேக் ஒன்றைச் சேர்க்கும் 802.1ஏடி 2005-இல் முடிவாயிற்று. 2008-இன் 802.1ஏஎச் அடையாளத்தை 24 பிட்டாக விரித்தது. பிறகு மேகக் கணிமை வந்தது. ஒரே தரவு மையத்தில் ஆயிரக்கணக்கான வாடகைதாரர்கள், ஒவ்வொருவருக்கும் பல வலைகள், ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே மாறும் மெய்நிகர் கணினிகள். 2014 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 7348-ஆக வெளியான விஎக்ஸ்லேன், ஈதர்நெட் ஃபிரேமையே யுடிபி பாக்கெட்டுக்குள் வைத்து ஐபி வலையின் மேல் அனுப்புகிறது. அதன் அடையாளம் 24 பிட். 1,67,77,216 வலைகளுக்கு இடமுண்டு. மெதுவானது, விலை அதிகம் என்று சின்காஸ்கி தவிர்த்த ஐபி ரூட்டிங் இன்று சில்லின் வேகத்தில் ஓடுவதால், அதன் முதுகிலேறித்தான் பெரிய வீலேன்கள் பயணிக்கின்றன.

பள்ளி, மருத்துவமனை, வங்கிக் கிளை, தொழிற்சாலை ஆகியவற்றுக்கு 12 பிட் எண்ணே இன்றும் தாராளம். அங்கெல்லாம் குறைபடுவது எண் அல்ல, அதை அமைக்கும் கை. நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் ஒன்றைப் புதிதாக வாங்கிப் பெட்டியைத் திறந்தால், வழக்கமாக அதன் எல்லாப் போர்ட்டுகளும் வீலேன் 1-இலேயே இருக்கும். யாராவது உட்கார்ந்து பிரிக்கும்வரை அது மெட்கால்ஃப் காலத்துக் கம்பியைப் போலவே எல்லோருக்கும் பொதுவான ஒரே வலைதான்.